ஓகே என்று மட்டும் எழுதாதே

அன்பு மகள் பாப்புவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி மூவரும் நலம். நீ நலமா என்று போனில் கேட்டால் ஓகே என்று இரண்டு எழுத்தைத் தட்டி அனுப்பிவிடுவாய் என்பதால்தான் காகிதத்தை எடுத்தேன். கடிதத்துக்கு அப்படிப் பதில் போட முடியாது பார், ஒட்டுகிற தபால் தலைக்காவது நாலு வரி எழுதியாக வேண்டும். உன் ஓகேவை நான் நம்பவில்லை பாப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர்க்கதை எல்லாம் எழுதிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே உறையை ஒட்டிவிடுவேன். எனக்கு ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை. இந்த நாலு வரிக்குள் மூன்று தடவை எழுந்துவிட்டேன், ஒரு தடவை அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க, ஒரு தடவை கதவைச் சாத்த, இன்னொன்று எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

நம் வீட்டில் அந்த ஓகே படுகிற பாட்டைச் சொல்கிறேன் கேள். உன் தம்பி ஓகே என்றால் நான் சொன்னது காதிலேயே விழவில்லை என்று அர்த்தம், ஓகேம்மா என்று இழுத்தால் வாயை மூடு என்று அர்த்தம். அப்பாவிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டு ஓகே என்று வந்தால் அன்றைக்கு உப்பு இல்லை. குழாய் ரிப்பேர்காரர் குழாயைத் தட்டிப் பார்த்து ஓகே என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் சொட்ட ஆரம்பித்துவிட்டது. டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே ம்ம், ஓகே என்று ஒரு ஓகே சொன்னார், அப்பாவைக் கூப்பிடப் போனையே எடுத்துவிட்டேன், அப்புறம் பார்த்தால் ஒன்றுமில்லையாம், சர்க்கரையைக் குறைத்தால் போதுமாம். அப்பா ஓட்டும் ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அக்கா, அப்பா ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்றுகொண்டு ஓகே ஓகே ஓகே என்று ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள், பஸ் கேட்டில் போய் இடிக்கும்வரை அந்த ராகம் மாறவில்லை. அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை, இப்போது பேசிக்கொண்டுவிட்டார்கள்.

இத்தனை ஓகேவையும் நான் சமாளித்துவிடுவேன். உன்னுடையதைத்தான் முடியவில்லை. போன வருஷம் வரைக்கும் ஓகே அம்மா என்று தொடங்கி, துணி காயவில்லை, மேல்வீட்டுக்காரி குதிக்கிறாள், ஆபீஸில் புது மேனேஜர் மூக்கை உறிஞ்சுகிறார் என்று ஏதாவது வால் இருக்கும். பிறகு வால் போயிற்று, பிறகு அம்மாவும் போயிற்று, இப்போது வெறும் ஓகே. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்கிறார் அப்பா. நானும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் இருந்தேன், போன செவ்வாய்க்கிழமை வரை.

அன்றைக்குப் பல் அடைக்கப் போயிருந்தேன். ஊசி போட்டு வாயின் பாதி மரத்துப்போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், உன் மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும், என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார். "உங்க பொண்ணு தனியா ரூம் எடுத்துப் போயி ரெண்டு மாசமாச்சாமே, என் பையன் இப்பதான் சொல்றான். நீங்க பேசிப் பாத்தீங்களா?" என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. ஓகே, ஓகே என்று கோணல் வாயால் சொல்லித் தலையாட்டினேன். பெற்ற தாய்க்குத் தெரியாதது ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறதே என்று அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆமாம், உன்மேல் கோபம்தான், மறைப்பானேன்.

நேரே ஃபேக்டரிக்குப் போய்விட்டேன், வீட்டில் இருந்தால் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் வேலைதான் உனக்குத் தெரியுமே, தைத்து வரும் உடுப்பை உள்பக்கம் புரட்டித் தையலை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்து, ஜிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு கைக்குள்ளும் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் என் பதினேழாம் நம்பர் ஓகே ஸ்டிக்கரை ஒட்டுவேன். பத்தொன்பது வருஷத்தில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று பீற்றிக்கொள்வேனே, வியாழக்கிழமை திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை நான் பார்த்து அனுப்பிய, சின்னப் பிள்ளைகள் போடும் ஜாக்கெட், பதினொன்று. இடது கையின் உள்துணியைக் குறுக்கே சேர்த்துத் தைத்து, கை நுழையவே வழியில்லாமல் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். எல்லாவற்றிலும் என் நம்பர். சூப்பர்வைசர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "உடம்பு ஏதும் சரியில்லையாக்கா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய், ஓகேதான் என்றேன். பதினொன்றையும் நானே தையல் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்பாவிடம் வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். அன்று சாயங்காலம் ஒரு நிறுத்தத்தைத் தாண்டி ஓட்டிப்போய், பிள்ளைகள் கத்திய பிறகு பஸ்ஸைத் திருப்பினாராம். நேற்று உன் அறையிலிருந்த பழைய பெட்டிகளை எல்லாம் மாடிக்கு ஏற்றி, உன் கட்டிலை ஒழித்து வைத்துவிட்டார், ஏன் என்று நானும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். அந்த ரூம் எங்கே இருக்கிறது, கதவு உள்பக்கம் ஒழுங்காகத் தாழ் விழுகிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. மாப்பிள்ளை கை நீட்டினாரா. கேட்க எனக்கே நாக்கு கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன், நீட்டினாரா பாப்பு. அப்படி இல்லை, வேறு என்றால் அந்த வேறு என்ன. யார்மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. உன் தம்பியின் கல்யாணம், அப்பாவின் பிரஷர், உறவுக்காரர்கள் வாய் என்று எங்களுக்காக ஒரு மூட்டையை நீ சுமக்க வேண்டாம், அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

இதுவரை எழுதிவிட்டு மறுபடியும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். ஏனென்றால் உன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன், என்னுடையதைச் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் ஃபேக்டரி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது நீ கூப்பிட்டாய். "அம்மா, இனிமே என்னால" என்று ஆரம்பித்தாய். ஓகே ஓகே, எல்லாம் சரியாப் போயிடும், பஸ் வந்துருச்சு வைக்கிறேன் என்று நான் வைத்துவிட்டேன். பஸ் வரவில்லை பாப்பு. அதற்கப்புறம் இருபது நிமிஷம் கழித்துத்தான் வந்தது. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதைக் கேட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே என்று பயந்துவிட்டேன். அந்த இருபது நிமிஷமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். என்னை மன்னித்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நீ நன்றாக இருக்க வேண்டும், அதற்கு என் ஆசியும் அப்பாவின் ஆசியும் எப்போதும் உண்டு. பதில் போட மறக்காதே. எப்படி ஆரம்பிப்பது, என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டாம். "அம்மா, இனிமே என்னால" என்றாயே, அதற்கு அடுத்த சொல்லிலிருந்து எழுது.

உன்
அம்மா