ஒரே உறைக்குள் இரண்டு சான்றிதழ்கள்

2024 ஒக்ரோபர் 8

“பின்பக்கத்தை எப்பிடியடி வாசிக்கிறது?” என்று அக்கா ஒருமுறை என்னைக் கேட்டா.

1995, யாழ்ப்பாணத்தில் லமினேற் செய்கிற கடை. ஊரில் மின்சாரம் இல்லாத காலம். கடைக்காரர் மண்ணெண்ணெயில் ஜெனறேற்றர் ஓட்டினார். பிளாஸ்ரிக் உறை தட்டுப்பாடு, ஆளுக்கு ஒன்றுதான். என் கையில் இரண்டு தாள்: பள்ளியில் எழுதிய ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு, ஆசிரிய கலாசாலைச் சான்றிதழ். முதுகோடு முதுகு வைத்து ஒரே உறைக்குள் போடச் சொன்னேன். அப்போதுதான் அக்கா கேட்டா.

“பின்பக்கத்தை ஆர் வாசிக்கப்போகினம்?” என்றேன்.

இருபத்தொன்பது வருடம் கழித்து வாசிக்க ஆள் வந்துவிட்டது. என் கனேடியக் குடியுரிமை விண்ணப்பம் இன்று திரும்பி வந்தது. மொழிச் சான்று போதாதாம்.

வகுப்பில் சொல்வதுபோல எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். ஐம்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர் விண்ணப்பித்தால், ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரியும் என்று தாளில் காட்ட வேண்டும். அந்த மொழியில் படித்த சான்றிதழ் போதும். எனக்கு ஐம்பத்து நான்கு வயதும் பதினேழு நாளும். என் சான்றிதழின் முன்பக்கத்தில் பெயரும் பட்டமும் உண்டு. எந்த மொழியில் படித்தேன் என்பது, அதிபரின் கையெழுத்தோடு, பின்பக்கத்தில்.

மகள் நடாஷா வேலையால் வந்து கடிதத்தைப் படித்தாள். “ஸ்பெலிங் பிழைக்கு என்ர காதைத் திருகின இங்கிலிஸ் ரீச்சருக்கு இங்கிலிஸ் தெரியாதாம்” என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

2024 ஒக்ரோபர் 10

ஏன் இந்த அவசரம் என்று எழுதி வைக்கிறேன். எழுதினால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும்.

அக்கா றோசலின் லண்டனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறா. பிள்ளைகள் இல்லை, அத்தானும் போய்விட்டார். அவவுக்கு மறதி நோய். அலுமாரியில் கடைசியாக அடுக்கிய உடுப்புத்தானே முதலில் கைக்கு வரும், அதுபோல, கடைசியாகப் படித்ததுதான் முதலில் போகிறது. இருபத்தாறு வருடம் பேசிய ஆங்கிலம் போய்விட்டது. தமிழ் மட்டும் இருக்கிறது. அந்த இல்லத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

இலங்கைக் கடவுச்சீட்டோடு இரண்டு தடவை விசா கேட்டேன். இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். நான் திரும்பிப் போவேன் என்று நம்ப அவர்களுக்குக் காரணம் இல்லையாம். கனேடியக் கடவுச்சீட்டு என்றால் விசாவே தேவையில்லை.

அக்காவிடம் தமிழ் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

2024 ஒக்ரோபர் 13

இல்லத்துத் தாதி பேர்ணடெற் தன் தேநீர் இடைவேளையில் அழைத்தாள். கானா நாட்டுக்காரி, நல்ல மனம். அக்கா இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு ஒரே வார்த்தையைச் சொல்கிறாவாம். போனை அக்காவிடம் பிடிக்கச் சொன்னேன்.

“செபம் சொல்லேல்லை, செபம் சொல்லேல்லை” என்றா அக்கா.

சாப்பிட முன் செபிக்க வேண்டும், அதுதான் கேட்கிறா என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பேர்ணடெற் “அட கடவுளே, அவ்வளவுதானா” என்றாள். நான் இங்கிருந்து செபம் சொன்னேன். அக்கா அரைக் கோப்பை சூப் குடித்தா.

கண்டம் விட்டுக் கண்டம் மொழிபெயர்க்கிறேன். ஆனால் என்னிடம் தாள் இல்லை.

2024 ஒக்ரோபர் 19

இங்கே வெக்ஸ்போர்டில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே அச்சுக் கடை வைத்திருக்கும் ஜூலியனிடம் உறையைக் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அன்ரி, உதுக்கை தண்ணி போயிருக்கு. இரண்டு தாளும் ஒட்டிப்போச்சு.”

எப்போது போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே 1995இல் ஊரே இடம்பெயர்ந்த அந்த இரவு மழை. குடை இல்லாமல் அக்காவும் நானும் இதைத்தான் தலைக்கு மேலே மாறி மாறிப் பிடித்தோம்.

“வெட்டலாம். ஆனா நான் பொறுப்பில்லை, இப்பவே சொல்லிப்போட்டன்.”

“வெட்டுங்கோ தம்பி.”

ஓரத்தை வெட்டி, மெல்லிய தகடு விட்டு, முக்கால் மணி நேரம் பிரித்தார். பிரிந்தது. என் சான்றிதழின் முதுகில் மை இல்லை. தாளின் மேல்தோலே உரிந்து போயிருந்தது. ஜூலியன் காசு வாங்க மறுத்தார். அதுதான் எனக்கு நிலைமையைச் சொன்னது.

2024 ஒக்ரோபர் 20

மை எங்கும் போகவில்லை! மற்றத் தாளில் இருக்கிறது. ஓ.எல். பெறுபேற்றின் வெற்று முதுகில், இடம் வலமாக, மங்கலாக. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். பாடங்கள். போதனா மொழி: ஆங்கிலம். அதிபரின் கையெழுத்து. முத்திரையில் பாதி.

“நடாஷா, ஓடி வா!”

அவள் போனில் படம் எடுத்து, இடம் வலம் மாற்றித் தந்தாள். தெளிவாகவே வாசிக்கலாம். நடந்ததை விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். நாளை எல்லாவற்றையும் அனுப்புகிறோம்.

2024 நவம்பர் 27

மாற்றம் செய்யப்பட்ட படங்களை ஏற்க முடியாதாம்.

2024 டிசெம்பர் 16

கலாசாலைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. அந்த ஆண்டுகளின் பதிவேடு இடப்பெயர்வில் அழிந்துவிட்டது, வருந்துகிறார்கள். இப்போதைய அதிபர் அடியில் கையால் எழுதியிருந்தார்: “மிஸ், நான் உங்களிடம் ஏழாம் வகுப்பில் ஆங்கிலம் படித்தவன்.”

அதை எங்கே இணைப்பது?

2025 பெப்ரவரி 8

குடியுரிமைக்கான ஆங்கிலச் சோதனை எழுதினேன். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். பெருமை பிடித்தவள் நான், செய்யவில்லை.

பேச்சில் ஒன்பது. கேட்டலில் மூன்று. நான்கு வேண்டும்.

என் இடது காது தொண்ணூறாம் ஆண்டு ஷெல் விழுந்த நாளோடு சரி. நல்ல காதுப் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் தன் பேச்சுப் பகுதியைத் தொடங்கிவிட்டாள். சின்ன வயதில் தன் நாய் தொலைந்த கதை. நல்ல ஆங்கிலம். நான் அவளுடைய நாயைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காது டொக்டரின் கடிதம் இருந்தால் தனி அறை தருவார்களாம். அவரிடம் போக ஒக்ரோபரில்தான் இடம் இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது நினைத்தேன்: கேட்டல் சோதனையில் மூன்று எடுத்த எத்தனை பிள்ளைகளைக் “கவனமில்லை” என்று பேசியிருப்பேன்? ஒரு பிள்ளையிடமாவது உனக்கு எந்தக் காது கேட்காது என்று கேட்டேனா?

2025 மார்ச் 19

இன்று அக்கா என் பெயரைச் சொல்லவில்லை. “ஆர் பிள்ளை நீர்?” என்று மரியாதையாகக் கேட்டா.

2025 மே 4

பேர்ணடெற் அழைத்தாள். இப்போது மொழிபெயர்க்க அதிகம் இல்லை. அக்கா ஒரு நாளைக்கு நாலைந்து சொல்தான் பேசுகிறா. அவற்றைத் தமிழில் எழுதி, பக்கத்தில் ஆங்கில எழுத்தில் உச்சரிப்பும் போட்டு அனுப்பினேன். தண்ணீர். குளிர். நோகுது. செபம். பேர்ணடெற் அதைக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். வாசித்தும் காட்டினாள். அவளுடைய “நோகுது” மிகவும் அழகு.

என் கடைசி மாணவி.

2025 ஜூன் 12

சமூக நிலையத்தின் ஆங்கில வகுப்பில் இன்று எனக்கு இடம் கிடைத்தது. எட்டு மாதமாகப் பட்டியலில் இருந்தேன். மொழிச் சான்றாக ஏற்கிற நாலாம் படிச் சான்றிதழ் கைக்கு வர ஒக்ரோபர் ஆகும்.

நடாஷா கலண்டரைப் பார்த்தாள். “அம்மா, செப்ரெம்பரிலை உங்களுக்கு ஐம்பத்தஞ்சு. அதுக்குப் பிறகு ஒருத்தரும் சேர்ட்டிபிகற் கேக்கமாட்டினம்.”

“ஓம்.”

“பிறகென்ன, இருங்கோவன்.”

இருக்கிறேன். வேறு என்ன செய்ய? இத்தனை மாதமாக நான் செய்ததெல்லாம் இருந்ததுதான் என்று இன்றைக்குத்தான் விளங்குது. அக்கா இருப்பாவா? கேள்வி அதில்லை. இருப்பா. டொக்டர் அவவின் இதயம் நல்ல பலம் என்று சொல்கிறார்.

2025 செப்ரெம்பர் 22

நேற்று எனக்கு ஐம்பத்தைந்து. இன்று விண்ணப்பத்தில் கையெழுத்திட்டேன். மொழிச் சான்று என்ற பகுதியில் நான் செய்ய எதுவும் இல்லை. பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. இனி ஒரு வருடம் ஆகலாம், கூடவும் ஆகலாம்.

பிறகு லண்டனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். பேர்ணடெற் போனை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஜூலைக்குப் பிறகு அக்கா ஒரு சொல்லும் பேசவில்லை; தமிழும் போய்விட்டது. “அக்கா, நான் எமி. வாறன், வந்துகொண்டிருக்கிறன்” என்றேன்.

அக்கா கை நீட்டிப் போனை வாங்கினா. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா. பிறகு போனைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தா. என் திரையில் இல்லத்தின் வெள்ளைச் சுவர் மட்டும் தெரிந்தது. அவ அங்கே என்ன தேடினாவோ. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

வைத்த பிறகு, என்னிடம் படித்த பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவுக்கு எழுதினேன். தாள் கிழியாமல் இருக்க லமினேற் செய்யுங்கள் என்று அந்த நாளில் எல்லாருக்கும் சொன்னவள் நான்தானே. அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

பிள்ளைகள், இன்றைக்கு உங்கள் சான்றிதழ் ஒன்றைக் கையில் எடுங்கோ. திருப்பி, பின்பக்கத்தை ஒருக்கா முழுக்க வாசியுங்கோ.