ராஜா அண்ணாமலைபுரம் ரோஜா ரசிகர்களின் லண்டன் பயணம்

1971 மார்ச் 3

லண்டனில் சீதாவுக்கு அக்டோபரில் பிரசவம். என் மனைவி பங்கஜம் மகளிடம் போயாக வேண்டும். விமானத்தில் முன்பக்கம் முதல் வகுப்பு, பின்பக்கம் எகானமி. இரண்டும் எனக்கு எட்டாது என்பதை பாண்டி பஜார் டிக்கெட் ஏஜெண்ட் கருணாகரன் என் செருப்பைப் பார்த்தே தெரிந்துகொண்டார். மூன்றாவதாக ஒன்று உண்டாம், சங்கக் கட்டணம். எகானமியில் பாதி. ஒரே சங்கத்தார் நாற்பது பேர் சேர்ந்து போக வேண்டும். ஒவ்வொருவரும் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். பயணம் தவிர வேறு நோக்கமும் வேண்டும்.

"சங்கம் எதுலயாவது இருக்கீங்களா சார்?"

இல்லை என்றேன்.

"அப்ப ஒண்ணு ஆரம்பிச்சிடுங்க."

மார்ச் 14

ரோஜா ரசிகர் சங்கம் உதயம். லண்டனில் பிள்ளையோ பெண்ணோ உள்ள நாற்பத்திரண்டு ரசிகர்கள். ஜவுளிக்கடை நல்லசிவம் தலைவர், பங்கஜம் காரியதரிசி. எங்கள் வீட்டில் உள்ள ஒரே செடி துளசி.

நான் சேரவில்லை. பொய்ச் சங்கம் கொள்கைக்கு விரோதம்.

"கொள்கையைக் கட்டிண்டு ஆத்துலயே இருங்கோ" என்றாள் பங்கஜம்.

மே 20

மாடியில் பதினாறு ரோஜாத் தொட்டி. குளிக்கத் தண்ணீர் இல்லை.

ஜூலை 11

சங்கம் உண்மையான சங்கம் ஆகிவிட்டது. உடைந்துவிட்டது. ஒட்டு ரோஜாவா, நாட்டுப் பன்னீர் ரோஜாவா என்று தகராறு. நல்லசிவம் பதினான்கு பேரோடு வெளியேறிப் பன்னீர் ரோஜாச் சங்கம் கண்டார். மிச்சம் இருபத்தேழு பேர். பாதிக் கட்டணம் போயிற்று. பங்கஜம் சாப்பிடவில்லை. என்ன செய்ய? வீட்டை விற்றால் எகானமியில் போகலாம் — திரும்பி வந்து எங்கே இறங்குவது?

ஜூலை 13

பங்கஜம் நல்லசிவத்தின் கடைக்குப் போனாள். பையோடு நானும்.

"உங்க பிள்ளைக்கு அங்கே பட்டம் குடுக்கறது அக்டோபர்ல. உங்க புதுச் சங்கத்துக்கு ஆறு மாசம் ஆறது ஜனவரியில."

நல்லசிவம் வெகுநேரம் ஒரு வேட்டியை மடித்தார்.

"சரிம்மா. லண்டன் போயிட்டு வந்து பிரிஞ்சிக்கிடுதோம்."

செப்டம்பர் 26

மீனம்பாக்கத்தில் விமானக் கம்பெனிக்காரர் சந்தேகத்தோடு, சங்கத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பங்கஜம் ரோஜாவுக்குக் கிளை நறுக்கிக் கவாத்து செய்யும் முறையை விளக்கினாள். மற்ற நாற்பத்தொரு பேரை அவர் எதுவும் கேட்கவில்லை.

பம்பாயிலிருந்து அவர்களுக்குப் போயிங் 707 என்றார் கருணாகரன். அதே இருக்கை, அதே உப்பில்லாத சாப்பாடு. பக்கத்து இருக்கைக்காரருக்கு இரட்டைக் கட்டணம், ரோஜாவை ரசிக்கத் தெரியாத குற்றத்துக்காக.

வீட்டுக்கு வந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அக்டோபர் 19

தந்தி. பெண் குழந்தை. இருவரும் நலம்.

நவம்பர் 21

பங்கஜம் புகைப்படம் கொண்டுவந்திருக்கிறாள். குழந்தைக்கு என் மூக்கு. நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சொன்னபடி சங்கம் இன்று பிரிந்தது. ஆறு மாதத்தில் எது நாற்பதைத் தொடுமோ என்று இரண்டிலும் சேர்ந்துகொண்டேன். ரோஜா எனக்குப் பிடிக்காது. மே மாதத்துக்குள் பிடித்துவிடும்.