வராத முப்பத்தொரு பேர்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் திடமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "ரிட்டயர் ஆக ஆறு மாசம்தான் இருக்கு, இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு" என்றாய், நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில்தான் வைத்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், கடிதத்தில் அது முடியாதே, அதனால் முழுவதும் கேள்.

முழங்கால் சில்லு உடைந்து வருகிறவர்களுக்கு ஆபரேஷன் செய்தபின் நான்கு வாரம் காலை மடக்கவே விடாமல் கட்டி வைத்து, பிறகு பயிற்சி கொடுப்பது என் முறை, ஆஸ்பத்திரியில் அதற்கு டாக்டரம்மா கட்டு என்றே பெயர். எட்டு வருஷம் நூற்றுப் பதினெட்டு பேரைக் குறித்து வைத்து எழுதிய ஆராய்ச்சி. எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கிற அழகை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். ஒரு வருஷம் கழித்துப் பரிசோதனைக்கு எண்பத்தேழு பேர் வந்தார்கள், அநேகமாக எல்லாருக்கும் கால் நன்றாக மடங்கியது. வராத முப்பத்தொரு பேரை, குணமானவர்கள் எதற்கு ஆஸ்பத்திரிப் பக்கம் வரப்போகிறார்கள் என்று குணமானவர்கள் பட்டியலில் சேர்த்தது நானேதான், வேறு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

போன மாதம் ஜன்னல் திரைகளைக் குறுக்கித் தைக்கக் கொடுக்கப் போனேன். தையல்காரி இடது காலால் மட்டும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள், வலது கால் ஒரு முக்காலி மேல் நீட்டிக் கிடந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, என் கையால் ஆபரேஷன் ஆனவள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "நீங்க எவ்ளோ பொறுமையா பாத்தீங்க டாக்டரம்மா, என் கால்தான் மடங்க மாட்டேங்குது, அத வந்து சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு வரல" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் குட்டிம்மா. அன்றிலிருந்து லீவு நாளெல்லாம் கோணம் அளக்கிற பிளாஸ்டிக் அளவுகோலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். அவர்களில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் இப்போது டிப்போவில் சாவி கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் எனக்கு நாற்காலி போட்டு, தப்பு செய்தது தாங்கள்தான் என்பதுபோலக் காலைக் காட்டினார்கள். ஒருத்தி மட்டும் வாசலிலேயே நிறுத்தி, "இப்பதான் வழி தெரிஞ்சுதா" என்று கேட்டாள், அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இருபத்தாறு பேரைக் கண்டுபிடித்தேன், அதில் பதினேழு பேருக்குக் கால் பாதிகூட மடங்கவில்லை.

அந்தப் பதினேழில் ஒருவர் உன் அப்பா. இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தாரே, என் ஜூனியர் ஆபரேஷன் செய்தாள், என் கட்டுதான் கட்டினாள். வீட்டிலேயே டாக்டர் இருக்கும்போது பரிசோதனை எதற்கு என்றார், தினம் பார்க்கிற கால்தானே என்று நானும் விட்டுவிட்டேன். பட்டியலில் அவர் பெயர் வந்ததும் கட்டிலில் உட்காரவைத்து அளந்தால் அறுபது டிகிரி. நான் வெளியே போன நேரம் பார்த்து ஒரு நீளக் கரண்டியை வைத்துத்தான் ஷூ மாட்டுவாராம் மனுஷன். "நீ எவ்ளோ ஆசையா எழுதிக்கிட்டிருந்த, நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்" என்று முனகினார். அழுதேன், அப்புறம் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினேன், இரண்டும் தேவைப்பட்டது.

நீ வம்பு என்றாயே அது இதுதான், இவர்களையும் கணக்கில் சேர்த்து, என் முறை தப்பு என்று புதுக் கட்டுரை எழுதி டாக்டர்கள் கூட்டத்தில் வாசிக்கப்போகிறேன். இப்போது துறைத்தலைவர், வேறு யாருமில்லை, என்னிடம் படித்தவன், நீ கண்ணாடி அண்ணா என்று கூப்பிடுவாயே அவன்தான், "வந்தவங்கள மட்டும் போட்டுக்கலாம் மேடம், வீட்டுல போய் அளந்ததெல்லாம் செல்லாது, உங்க பேரை நீங்களே கெடுத்துக்கணுமா" என்று பூசி மெழுகப் பார்க்கிறான். கெடட்டும். என் வார்டில் அந்தக் கட்டை நிறுத்தி மூன்றாம் நாளே காலை மடக்க வைக்கிறேன், ஆனால் மற்ற வார்டுகளில் என் பேரைச் சொல்லி இன்னும் கட்டுகிறார்கள். இனி ஒரு முழங்கால்கூட என் பேரால் விறைக்கக் கூடாது. என் கட்டுரையைக் கூட்டத்திலிருந்து எடுத்தால் கேள்வி நேரத்தில் எழுந்து சொல்வேன், மைக்கை நிறுத்தினால் என் தொண்டை போதும், அது எவ்வளவு தூரம் கேட்கும் என்று உனக்குத் தெரியாததா. கௌரவமாக ஓய்வு பெறச் சொன்னாய், இதைவிட வேறு கௌரவம் எனக்குத் தெரியாது. அதனால் நிறுத்து என்று மறுபடி போன் செய்யாதே, வேறு எதற்கு வேண்டுமானாலும் செய்.

பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கூட்டம். தையல்காரி கடையைப் பூட்டிவிட்டு வருகிறாள். அப்பாவை நான் கூப்பிடவே இல்லை, அவராகவே கிளம்பிவிட்டார். முதல் வரிசையில் வழி ஓரமாகப் பார்த்து, காலை நீட்டிக்கொண்டு உட்காரப் போகிறாராம், மேடைக்குப் போகிறவன் எவனாக இருந்தாலும் அந்தக் காலைத் தாண்டித்தான் போகணும் என்கிறார்.

இருவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். உன் தோள்பட்டை வலிக்கு இந்த வாரமே டாக்டரிடம் போ, வலித்தால் வலிக்கிறது என்று சொல், அவர் முகத்துக்காகத் தலையாட்டிவிட்டு வராதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் பிடிவாதக்கார அம்மா