இரண்டாம் ஷெட்டின் படுதா

என் வீட்டு வைத்தியரம்மாவுக்கு,

நேற்று நாற்காலியில் கால்நடை டாக்டர், தீவன மூட்டைமேல் என் அண்ணன், அடுப்படி வாசலில் நீ, சுவரோரம் நான். "மனுசனுக்குக் கைவைத்தியம் சரி, கோழிக்குமா?" என்று அண்ணன் சிரித்தார். "முதல் ஷெட்டும் அதே மூலிகைத் தூளைத்தானே தின்னுச்சு? அதுங்க நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். "இனிமே அரைக்கவே மாட்டேன்" என்று எழுந்து போனாய்.

உன் தூளால் அந்தக் கோழிகள் சாகவில்லை. காற்று வரத் தூக்கிவிட வேண்டிய இரண்டாம் ஷெட்டின் பக்கப் படுதாவை, அவை செத்த அன்று காலை நான் தூக்கவே இல்லை. வேலைக் குறிப்புப் பலகையில் 'தூக்கியாச்சு' என்று குறித்துவிட்டுப் பிறகு போவதுதானே என் வழக்கம்? குறித்ததும் தீவன லாரி வந்தது, மறந்துபோனேன். மதியத்துக்குள் நானூறு கோழியும் வெக்கையில் மூச்சுமுட்டிச் செத்தன. எல்லாரும் பலகையை நம்பினார்கள்.

காலி ஷெட்டைக் கடந்தால் இன்னும் இறக்கைச் சத்தம் கேட்கிறது. இன்று காலையும் போய்ப் படுதாவைத் தூக்கிவிட்டு வந்தேன்.

சாவி ஆணியில் இருக்கிறது. சோறு வடித்துவிட்டேன், சாப்பிடு.

பி.கு: முதல் ஷெட்டுக்குத் தூளை நிறுத்தாதே. மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி, எல்லாம் உன் அளவுதான்.

இன்னொன்று: டாக்டருக்கு உள்ளதை எழுதி உறையை ஒட்டிவிட்டேன். தபால்பெட்டிக்குக் கிளம்புகிறேன். பலகையில் இன்னும் குறிக்கவில்லை. போட்டுவிட்டு வந்து குறிக்கிறேன்.