எறும்பு ஏறாத சிவப்பு சோடா

மே 12

மழை விட்டது. மரம் சீவ ஆரம்பித்துவிட்டோம். ரப்பர் பாலுக்கு உறை ஊற்றும் ஆசிட்டைக் கேனிலிருந்து சோடா பாட்டிலில் ஊற்றி வைத்தேன். இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான்; தினமும் கேனைத் தூக்க யாருக்கு இடுப்பு இருக்கிறது? ஆனால் பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கிறது. என் வீட்டுக்காரர் பூன்சோங் தோட்டத்திலிருந்து வந்ததும் கையில் கிடைத்ததை மடக் மடக்கென்று குடிக்கிற மனிதர். அதனால் பலகாரத்துக்குப் போடும் சிவப்புச் சாயத்தைக் கலந்துவிட்டேன். இனி தண்ணீரென்று யாரும் ஏமாற முடியாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மே 13

ரப்பர் ஷீட்டெல்லாம் லேசாக ரோஸ் நிறம். "என்ன ஜியப், ஷீட்டுக்கு வெட்கமா?" என்கிறார் இவர். சிரிக்கட்டும்.

மே 15

இவருடைய அக்கா ரச்சனி வந்திருக்கிறார், நல்ல ஜலதோஷத்தோடு. வந்ததும் வராததுமாக ஒரு குத்து: "வாசல்ல பூமி சாமி மாடம் காய்ஞ்சு கெடக்கு. ஒரு சிவப்பு சோடா வைக்கக் கூடவா உனக்கு நேரமில்ல?" ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை வரும் புத்தர் நாள் நாளைக்கு, அப்போது வைக்கிறேன் என்றேன். இங்கே நிலத்தைக் காக்கும் சாமிக்கு இனிப்பான சிவப்பு சோடாதான் படையல்.

மே 16



ரப்பர் ஷீட் போடும் கொட்டகைக்குப் போனால் ஆசிட் பாட்டிலைக் காணோம். அக்காவைக் கேட்டேன்.

"அந்த சோடாவா? ஸ்ட்ரா போட்டு சாமிக்கு வெச்சுட்டேனே. ஊதுவத்தி அணைஞ்சிடுச்சு, இப்பத்தான் தம்பி எடுக்கப் போனான்."

ஐயோ. சாமிக்கு வைத்ததை இறக்கிக் குடிப்பது எப்போதும் இவர்தான். மூக்கடைத்த அக்காவுக்கு நெடி எப்படித் தெரியும்? ஏமாறக் கூடாதென்று போட்ட சிவப்பு— நான் போட்டது— ஓடினேன். செருப்பு எங்கே கழன்றதோ.

மாடத்தடியில் நின்றிருந்தார். பாட்டில் கையில்.

"குடிச்சியா? வாயைத் தொறந்து சொல்லுய்யா, குடிச்சியா?"

"இல்லடி. எப்பவும் ஸ்ட்ராவுல மொய்க்கிற எறும்பை ஊதிட்டுத்தானே குடிப்பேன்? இன்னிக்கு ஒண்ணுகூட வரல. என்னடா இதுன்னு மோந்து பார்த்தேன், மூக்கு எரிஞ்சுபோச்சு."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்காவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழுதார். இவர் எங்களை மாறி மாறிப் பார்த்து, "ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டமா?" என்றார். அடிக்கலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டேன்.

மே 17

ஆசிட் இனி அது வந்த கேனிலேயே இருக்கும். சமையலறையிலிருந்து தள்ளி, காற்றோட்டமாக, பூட்டு போட்ட மரப்பெட்டி செய்தாயிற்று. கசிந்தால் பிடிக்கக் கேனுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு. இடுப்பு வலித்தால் வலிக்கட்டும். காலி சோடா பாட்டில்களை அக்காவே மிதித்து நசுக்கினார், ஒன்றுவிடாமல்.

மே 20

இரவு நன்றாகத் தூங்கினேன்.

மே 24

புத்தர் நாள். கடையில் வாங்கிய சோடாவை அக்கா திறந்து, சாமி மன்னிப்பார் என்றபடி மூன்று தடவை மோந்து பார்த்துவிட்டு வைத்தார். ஜலதோஷம் போய்விட்டது.

ஊதுவத்தி அணைந்ததும் இவர் கூப்பிட்டார். "ஜியப், இங்க வந்து பாரேன்."

ஸ்ட்ரா முழுக்க எறும்பு. ஊதப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவை கொஞ்ச நேரம் குடிக்கட்டும் என்றேன்.