விண்டோஸா லினக்ஸா என்று கேட்கிறார்கள்

இன்று காலை எங்கள் சரவணை ஊர்ச் சனசமூக நிலையத்துக் கணினிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பெரும்பாலான திரைகளில் ஒரே அறிவித்தல்: இந்தக் கணினி புதிய விண்டோஸுக்குத் தகுதியற்றது, பழையதற்கு இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராது. வாசித்ததும் எனக்கு வந்தது உம்மீதான கோபம்தான். இப்படியான நேரம் பார்த்து இல்லாமல் போய்விட்டீரே.

நாங்கள் இருவரும் இங்கே கணினி படிப்பித்த காலத்தில் நீர் நாரந்தனையிலிருந்து ஸ்கூட்டியில் வருவீர். உமக்கு லினக்ஸ் பைத்தியம். நான் விண்டோஸை விட்டு அசையாதவள். வெளிநாட்டிலிருந்த ஊர்க்காரர் தாங்கள் பாவித்த கணினிகளை அனுப்பியபோது, அவற்றில் எந்த இயங்குதளத்தைப் போடுவது என்று நிலையத் தலைவர் எங்களைக் கேட்டார். நான் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். நீர்தான் விடவில்லை.

"நீர் ஒரு மாசம் லினக்ஸில வேலை செய்யும். நான் விண்டோஸில செய்யிறன். தெரியாததைக் கூடாது எண்டு சொல்லேலாது" என்றீர்.

அந்த மாதம் நான் உம்மைத் திட்டாத நாளில்லை. பிரிண்டர் என்னை மதிக்கவேயில்லை. பழகிய தமிழ்த் தட்டச்சு முறையைத் தேடியே ஒரு பின்னேரம் போனது. மாதாந்த அறிக்கையைத் திறந்தால் அட்டவணைக் கோடுகள் இடம்மாறிக் கிடந்தன. ஆனால், விண்டோஸில் தூங்கி வழிந்த அந்தப் பழைய கணினிப் பெட்டி லினக்ஸில் சட்டென்று எழும்பியது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததுதான் பெரிய எரிச்சல்.

மாதம் முடிந்து நடந்த நிலையக் கூட்டத்தில் நீர் முதலில் பேசினீர். அதுவும் லினக்ஸின் குறைகளிலிருந்து. நான் பட்ட பாடுகள் அத்தனையையும், நானே மறந்தவற்றையும் சொன்னீர். பிள்ளைகள் வேலைக்குப் போகும் கந்தோர்களில் விண்டோஸ்தான் இருக்கும் என்றீர். அதன் பிறகுதான், பழைய பெட்டிகளுக்கு லினக்ஸே பாரமில்லாதது, வைரஸ் தொல்லையும் குறைவு, ஆகவே இரண்டையும் வைத்திருக்கலாம் என்று முடித்தீர். அதற்குள் தலைவர் முடிவெடுத்துவிட்டார்.

"பிள்ளை, நீரே இவ்வளவு குறை சொல்லுறீர். அப்ப எல்லாத்திலயும் விண்டோஸையே போடுவம்."

நான் ஆசைப்பட்டதுதான் நடந்தது. ஆனாலும் வெளியே வந்ததும் உம்மோடு சண்டை பிடித்தேன். நல்லதை முதலில் சொல்லியிருக்கலாம்தானே என்று கேட்டேன்.

ஸ்கூட்டியில் ஏறியபடி சொன்னீர்: "எனக்குப் பிடிச்சது எது எண்டு அவைக்குத் தெரியும். அதின்ர குறையைக் கடைசியாச் சொன்னா, ஒளிச்சுச் சொன்ன மாதிரி இருக்கும்."

பிறகு நடந்தது உமக்குத் தெரியும். பழைய பெட்டிகள் திணறின. ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். 'அப்பவே சொன்னனான்' என்று நீர் ஒருநாளும் சொன்னதில்லை. தேவையில்லாதவற்றை நிறுத்தி, தூசி தட்டி, அவற்றை ஒருமாதிரி ஓடவைத்தீர். அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஒரு தடவையாவது சொல்லிக் காட்டியிருந்தால் நானும் திருப்பி நாலு சொல்லியிருப்பேன்.

அந்த மாரிமழைக் காலத்தில் டெங்குக் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் பிரிண்டர் வேலை செய்கிறதா என்றுதான் கேட்டீர். ஓம் என்றேன். வேறு எவ்வளவோ கதைத்திருக்கலாம்.

இன்று பின்னேரம் திரும்பவும் அதே கூட்டம், அதே தலைவர். இம்முறை நான் தனியே. விண்டோஸில் எனக்குள்ள பற்று கொஞ்சமும் குறையவில்லை. எழும்பி, அதன் குறைகளிலிருந்து தொடங்கினேன். நல்ல நிலையிலுள்ள பெட்டிகளை அதற்காகக் கழிக்கவேண்டி வரும் என்றேன். கணக்கியல் வகுப்புக்கான மென்பொருள் லினக்ஸில் ஓடாது என்பதையும் சொன்னேன். நான் முடிக்கும்வரை யாரும் தீர்ப்புச் சொல்லாதபடி பார்த்துக்கொண்டேன். புதியதைத் தாங்கக்கூடிய இரண்டில் விண்டோஸ், மற்றவற்றில் லினக்ஸ் என்று முடிவானது. அப்படியானால் பிரிண்டரை யார் பார்ப்பது என்று தலைவர் கேட்க, எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு இருந்தபோது கொழும்பிலிருந்து தங்கை அழைத்தாள். மகளுக்குக் கணினி வாங்கவேண்டுமாம். எது நல்லது என்று ஒரு சொல்லில் சொல்லட்டாம். விண்டோஸ் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பிள்ளை அதில என்ன செய்யப் போறா?" என்று கேட்டேன்.

தங்கை பெருமூச்சு விட்டாள். கதைத்து முடிய சோறு ஆறிப் போயிருந்தது. ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போகிற சுகத்தை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போனவர் நீர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.