யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேனே, ராத்தா

என் கூடப்பிறந்த உயிர் ராத்தாவுக்கு,

உன் மேல் இருக்கிற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. நீ போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. நீ அடங்கிக் கிடக்கிற கபரஸ்தானுக்கு நம் ஊரில் பெண்கள் போகிற வழக்கமில்லை. அதனால் உன் தலைமாட்டில் வந்து நின்று சண்டை போடவும் வழியில்லை. எழுதுகிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும், எனக்கென்ன.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது, தஞ்சாவூரில். வயிற்றில் தொங்குகிற தோலை வெட்டி எடுத்துத் தைக்கிற ஆபரேஷன். நீ செய்துகொள்ள நினைத்துச் செய்துகொள்ளாமலே போனாயே, அதேதான்.

வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. எடை குறைந்துவிட்டது, சுகர் இறங்கிவிட்டது, இனி அழகு பார்க்கிற வயதா என்று இவர் கேட்கிறார். அல்லாஹ் கொடுத்த உடம்பில் கத்தி வைக்கலாமா என்கிறார் என் மாமியார். இரைப்பையைச் சுருக்கக் கத்தி வைத்தபோது அது யார் கொடுத்தது என்று இவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. எடை குறைகிறது என்றால் வெட்டலாம், எரிகிறது என்றால் வெட்டக்கூடாதா? உன் வீட்டு மச்சான் துபாயிலிருந்து போன் போட்டு, "புர்காவுக்குள்ள இருக்கறது யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். மச்சானிடம் நான் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்கு அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னது என் வார்த்தை, ராத்தா. உனக்கும் அது தெரியும்.

ஆறு மாத இடைவெளியில் நாம் இரண்டு பேரும் திருச்சிக்குப் போய் அந்த முதல் ஆபரேஷனைச் செய்துகொண்டு வந்தோம். நூற்றுப் பதினெட்டுக் கிலோவிலிருந்து நீ எழுபதுக்கு இறங்கினாய். ஊரே மூக்கில் விரலை வைத்தது. கல்யாண வீட்டில் பெண்கள் உன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், என்ன சாப்பிடுகிறாய் என்று துருவினார்கள். அந்தக் கொழுப்பு கரைந்தபின் தோல் எங்கே போனது என்று ஒருத்தியாவது கேட்டாளா?

என் தோல் எங்கே போனது என்று சொல்கிறேன். அடிவயிற்றில் மடிந்து தொடைவரை விழுந்து கிடக்கிறது. மடிப்புக்குள் வியர்வை நின்று வெந்துபோகும். சித்திரையில் எரியும். ஐப்பசி மழையில் துணி காயாமல் ஈரத்தோடு உடுத்தினால் வெடித்துப் புண்ணாகும். பழைய வாயில் புடவையைக் கிழித்து மடிப்புக்குள் செருகுவேன். அதன் மேல் பவுடர், வாடை வராமலிருக்க அத்தர். நல்ல வாசமாக இருக்கிறாயே என்று பாராட்டியவர்களும் உண்டு.

உன் கொழுந்தன் மகன் கல்யாணத்தில் சஹன் வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரே பெரிய தட்டைச் சுற்றி, தோளோடு தோள் உரச உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நீ உட்காரவில்லை. டயட் என்று சிரித்துவிட்டுத் தள்ளிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாய். என் ராத்தாவைப் போல மனக்கட்டுப்பாடு யாருக்கு வரும் என்று நான் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். அடுத்த கல்யாணத்தில் நானும் டயட் என்று சொல்லித் தள்ளி உட்கார்ந்தேன். நான் ஏன் சஹனில் உட்காரவில்லை என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் உரசுகிறவளுக்கு வாடை அடிக்குமே. உனக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ஒரே தெருவில் எட்டு வீடு தள்ளி இருந்துகொண்டு, ஒரே புண்ணை நீ என்னிடம் மறைத்தாய், நான் உன்னிடம் மறைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம் நான் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து நின்றாய்.

"தஞ்சாவூர்ல ஒரு டாக்டரம்மா இந்தத் தோலையெல்லாம் எடுத்துடுவாங்களாம். தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. நீயும் வர்றியா?"

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குற நேரத்துல உனக்கு எதுக்கு ராத்தா இதெல்லாம்? மூடித்தானே இருக்கு, யார் பாக்கப் போறா?"

அதுவும் சரிதான் என்றாய். குழம்பில் புளியை அள்ளிக் கொட்டாதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அவ்வளவுதான். எரியுது மைமூன் என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் வாய் வலித்திருக்குமா? நான் மட்டும் யோக்கியமா? உன்னோடு வந்தால் டாக்டர் என்னையும் சட்டையைத் தூக்கச் சொல்வாரே என்ற பயத்தில்தான் அப்படிப் பேசினேன். அந்தப் பயத்துக்கு உன் மகளின் கல்யாணத்தைச் சாக்காக இழுத்தேன்.

நாலு மாதம் கழித்து உனக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாலு நாள் போர்த்திப் படுத்துக் கிடந்தாய். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள், எங்கிருந்து கலந்தது என்று யாரும் கேட்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் சுகர் என்றார்கள். ஒருத்தி, மெலிந்து அழகாக இருந்தாளே, யார் கண் பட்டதோ என்றாள். அவளை அப்படியே தெருவில் தள்ளியிருக்க வேண்டும் நான்.

கொல்லையில் நாலு பக்கமும் வேட்டி கட்டி மறைத்து உன்னைக் குளிப்பாட்டினோம். ஊரில் மய்யித்தைக் குளிப்பாட்டுகிற கதீஜா மாமி, நான், இன்னொரு பெண். உன்மேல் ஒரு துணி இருந்தது, அதற்கடியில் கையை விட்டுக் கழுவ வேண்டும். நடுவில் மாமி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். துணியோரத்தைத் தூக்கி நானும் பார்த்தேன்.

"இங்க பாத்தது இங்கயே இருக்கட்டும்மா," என்றார் மாமி. "மய்யித்தோட மானம் நம்ம கையில இருக்கு."

சரி மாமி என்றேன். அதனால் நான் பார்த்ததை இங்கே எழுத மாட்டேன். இத்தனை கோபத்திலும் அந்த வாக்கை மீற எனக்கு மனசு வரவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று உன்னிடம் கேட்ட நானேதான் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

உன் முதல் வருஷ நினைவுக்குப் பாத்திஹா ஓதி முடித்துச் சில மாதம் கழித்து தஞ்சாவூருக்குத் தனியாகப் போனேன். ஒரத்தநாடு தாண்டி ரோட்டில் பாதிவரை நெல் காயப்போட்டிருந்தார்கள், பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. இறங்கித் திரும்பிவிடலாமா என்று எத்தனை தடவை நினைத்தேன் தெரியுமா? டாக்டரம்மா என்னை நிற்கவைத்து முன்னாலும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்தார். மடிப்பைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "இது அழகுக்குச் செய்யறது இல்லம்மா. இத்தனை நாள் ஏன் வரல?" என்றார். முதலில் புண் ஆற வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், எடை அப்படியே நிற்க வேண்டும் என்று மூன்று மாதம் அலையவிட்டார். இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புவரை தழும்பு இருக்குமாம், நீர் வடியக் குழாய் வைப்பார்களாம். பழைய உடம்பு திரும்பி வராது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கட்டு மாற்ற உங்களோடு யார் இருப்பார்கள் என்று கேட்டபோதுதான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை உன் மகள் நஸ்ரின் வந்தாள். வேலைக்குப் போகிறாள் இப்போது, மாப்பிள்ளையை அவளே பார்த்து வேண்டாம் வேண்டும் என்று சொல்கிறாள். ஆபரேஷன் சேதி அவள் காதுக்கும் போயிருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, "உம்மாவுக்கும் இதுதான் இருந்துச்சா, சாச்சி?" என்று கேட்டாள்.

வாக்குக் கொடுத்திருக்கிறேனே, நான் என்ன செய்வேன்? எழுந்து நின்றேன். என் சட்டையைத் தூக்கினேன். மடிப்பையும் தூக்கிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அழுதாள். பிறகு உன்னைப் போலவே மூக்கு சிவக்கக் கோபப்பட்டாள். "ரெண்டு பேரும் எங்கிட்டகூட சொல்லலையே?" என்றாள். அவளுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், நான் என் பங்குக்குத் தப்புதான்மா என்றேன். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "லீவு போட்டுட்டேன். கட்டு நான் மாத்துறேன்."

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் ராத்தா. உடம்பில் எது எரிந்தாலும் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்வேன். உன் மகள் கல்யாணத்தில் சஹனில் எல்லாரோடும் நெருங்கி உட்கார்ந்து சாப்பிடுவேன். என்றைக்காவது ஒரு நாள் என்னையும் கொல்லையில் பலகை போட்டுக் கிடத்துவார்கள். அன்றைக்குத் தண்ணீர் ஊற்ற உன் மகள் வருவாள். அவள் ஏற்கெனவே பார்த்த உடம்பாகத்தான் அது இருக்கும்.

உன்னோடு இன்னும் சண்டையில் இருக்கிற
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
மைமூன்